தெற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள்: ஓவியரிடம் வாசகர்கள் கேட்டவை

வீட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி வரைகிறவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்தக் கோடை இதழுக்காகச் சேர்த்து எடுத்துக்கொண்டேன். நான் வரைவது மதுரையில், மொட்டைமாடியில் இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறையில். அங்கே இத்தனை வருஷமாக வெயிலோடு பழகித் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஓவிய அறை என்றால் வடக்கு ஜன்னல்தான் வேண்டும் என்று படித்திருக்கிறேன். எங்கள் வாடகை வீட்டில் எனக்குக் கிடைத்தது தெற்குப் பார்த்த ஒரு சின்ன அறை. வேறு வீடு பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். – வாசகி, விருதுநகர்

வேண்டாம்மா, அந்த அறையை விட்டுவிடாதீர்கள். வடக்கு ஜன்னல் என்பது ஐரோப்பாவில் அவர்கள் ஊர் வெயிலைப் பார்த்துச் சொன்ன விதி. அங்கே நண்பகல் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், அதனால் வடக்கு ஜன்னலில் வேலை நேரத்தில் நேர் வெயில் விழாது, ஒரே மாதிரியான வெளிச்சம் கிடைக்கும். பிரான்சில் எக்ஸ் நகருக்கு வெளியே ஓவியர் செசான் கட்டிக்கொண்ட ஓவியக்கூடத்தில் வடக்குப் பக்கம் முழுக்கப் பெரிய கண்ணாடி ஜன்னல். பெரிய கேன்வாஸ்களை வெளியே எடுப்பதற்கென்றே பக்கத்தில் சுவரில் ஆளுயரத்துக்கும் மேலே நீளமாக ஒரு பிளவு விட்டிருந்தார். 1902-லிருந்து 1906-ல் இறக்கும் வரை அங்கேதான் வரைந்தார். அந்த ஊருக்கு அது சரி.

நம் ஊர்க் கணக்கு வேறு. விருதுநகரில் சித்திரை பிறந்த கையோடு, ஏப்ரல் நடுவில், ஒரு நாள் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும், நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிழலில்லா நாள் என்று பார்க்கிறார்களே, அதுதான். அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது, கிழக்கிலிருந்து வடக்கே ஒதுங்கி எழுந்து, மேற்கிலிருந்து வடக்கே ஒதுங்கி விழுகிறது. ஆக, இந்த நாலு மாதமும் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக வந்து விழுவது வடக்கு ஜன்னலில்தான். உங்கள் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. சென்னைக்காரர்களுக்கு இதே கணக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை.

அப்புறம் தென்றல். சித்திரை மாத மாலையில் காற்றும் அதே ஜன்னல் வழியாகத்தான் வரும், வெளிச்சமும் காற்றும் ஒரே பக்கத்திலிருந்து கிடைக்கும் அறை எத்தனை பேருக்கு அமையும்? கார்த்திகை, மார்கழியில் வெயில் உள்ளே வரத்தான் செய்யும். அப்போது பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைத் துவைத்து ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிவிடுங்கள், பாலில் நனைத்தது போன்ற வெளிச்சம் கிடைக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: எதிர்வீட்டுச் சுவர் என்ன நிறம்? பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அந்த நிறம் உங்கள் பேப்பரிலும் வந்து உட்காரும், நீங்கள் கலக்கும் சாம்பல் நிறம் எல்லாமே கொஞ்சம் தப்பாகப் போகும். அப்படி இருந்தால் மேஜையை ஜன்னலை விட்டு இரண்டடி உள்ளே தள்ளி, பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைச் சார்ட்டை ஒட்டுங்கள்.

வாட்டர்கலரில் வானம் தீட்ட ஆரம்பித்தால் இந்தக் கோடிக்குப் போவதற்குள் அந்தக் கோடி காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது. கத்திரி முடியும் வரை நிறுத்தி வைக்கட்டுமா? – வாசகர், திருச்சி

நிறுத்தாதீர்கள். முதலில் மின்விசிறியைப் பாருங்கள். தலைக்கு மேலே சுற்றும் விசிறிதான் பாதிக் குற்றவாளி. மேஜை விசிறியாக மாற்றி, அதையும் உங்கள் முதுகுப் பக்கம் திருப்பிவிடுங்கள், காற்று உங்களுக்குப் பட்டால் போதும், பேப்பருக்கு வேண்டாம்.

அடுத்தது, பேப்பரை இரண்டு பக்கமும் நனைப்பது. 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள பருத்திப் பேப்பராக இருந்தால் பின்பக்கத்தை நன்றாக நனைத்து, ஒரு சன்மைக்கா பலகை மேலோ கண்ணாடி மேலோ படிய வைத்து, அப்புறம் முன்பக்கத்தை நனையுங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருப்பதால் வானத்தை நிதானமாக முடிக்கலாம். மரப்பலகை வேண்டாம், அது தண்ணீரைக் குடித்துவிடும். கலக்கும் தண்ணீரில் நாலைந்து சொட்டு கிளிசரின் விட்டாலும் வண்ணம் மெதுவாகக் காயும். அதிகம் விட்டால் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும், அளவு முக்கியம்.

வெயிலால் லாபமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் கொடுத்து வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஐப்பசி மழையில் ஒரு பூச்சு காய அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், வைகாசியில் தூரிகையைக் கழுவித் துடைப்பதற்குள் அடுத்த பூச்சுக்குத் தயாராக இருக்கும். ஆகவே பெரிய வானங்களைக் காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டு வீடு, கோவில் தூண், கல், செங்கல் என்று அடுக்கடுக்காகத் தீட்ட வேண்டியதையெல்லாம் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் போட்டுக்கொண்டு வரைகிறீர்களா? வியர்த்த கை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை ஏறி வண்ணம் பிடிக்காது. வரையும்போது தெரியாது, பூச்சு கொடுத்த பிறகுதான் கைரேகை மாதிரித் திட்டாகத் தெரியும்.

மாடியில் தகரக் கூரை போட்ட அறை. மதியம் ஒரு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. ஏ.சி. போட வசதியில்லை. – வாசகர், வேலூர்

ஒரு மணிக்கு ஏன் உட்கார வேண்டும்? கோடையில் என் வேலை நேரம் விடிகாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது, பிறகு சாயங்காலம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் இருப்பது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் கீழ்வீட்டில் உட்கார்ந்து சின்ன நோட்டில் கிறுக்குவதற்கும். கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சு அடியுங்கள், முடிந்தால் தென்னங்கீற்று வேயுங்கள். வேலூர் வெயில் வறண்ட வெயில் என்பதால் ஜன்னலில் வெட்டிவேர் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் நன்றாகவே குளிரும், கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அந்த அளவுக்குப் பலன் இருக்காது. ஆனால் தட்டி கட்டிய அறையில் பேப்பர் கட்டுகளை வைக்காதீர்கள், ஈரம் இழுக்கும்.

முடித்த அக்ரிலிக் படங்களை அந்த அறையில் அடுக்கி வைத்திருந்தால் இன்றைக்கே இறக்கிவிடுங்கள். அக்ரிலிக் பூச்சு சூட்டில் இளகும். ஒரு மே மாதம் நான் ஊருக்குப் போகும்போது ஆறு கேன்வாஸ்களை முகத்தோடு முகம் வைத்துச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். பத்து நாள் கழித்து வந்து பிரித்தபோது, வைகைக் கரையை வரைந்த படத்தில் இருந்த நாணல் பாதி, எதிரே இருந்த படத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் படத்துக்கு நான் கொடுத்தது இரண்டு மாத உழைப்பு. இப்போதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் விரித்து, இறுக்காமல், கீழ்வீட்டில்தான் வைக்கிறேன்.

ஆயில் பெயின்ட் பழக ஆரம்பித்திருக்கிறேன். சமையலறைக்குப் பக்கத்து வராந்தாதான் எனக்கு ஸ்டுடியோ. துடைத்த துணிகளை ஒரு பையில் போட்டு மூலையில் வைக்கிறேன். வாசனையைத் தவிர வேறு தொந்தரவு இருக்குமா? – வாசகி, கோயம்புத்தூர்

இருக்கும். அந்தப் பையை இதைப் படித்த உடனே வெளியே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகித்தான் காய்கிறது. அப்படி இறுகும்போது சூடு உண்டாகும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டி மூட்டையாகக் கட்டி வைத்தால் உள்ளேயே ஏறிக்கொண்டு போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கோடையில் அது இன்னும் சீக்கிரம். மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி, துணி முழுக்க அதில் முங்கும்படி போட்டு மூடி வையுங்கள், இல்லையென்றால் வெட்டவெளியில் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காய விடுங்கள். டர்பன்டைன் பாட்டிலை அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வராந்தாவில் காற்றோட்டம் இருப்பது நல்லதுதான், ஆனால் அடுப்பு எரியும் நேரத்தில் வரையாதீர்கள்.

கோடை என்றால் எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கு இதில் பிடித்தது ஏதாவது உண்டா? – வாசகர், செங்கல்பட்டு

நிறைய உண்டு. மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்துவிட்ட வடாம் காய்ந்து, ஓரம் துணியை விட்டு எழும்பும்போது கேட்கும் அந்தச் சின்னச் சத்தம். கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்றபடி நாலு மணி வெயில் சுவரை விட்டு இறங்குவதைப் பார்ப்பது. சரக்கொன்றை பூத்திருக்கும் தெரு. ராத்திரி மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் போட்டுப் படுப்பது.

ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நுங்கு. தெருமுனையில் வண்டி வந்ததும் இரண்டு முழுக் காயாக வாங்கி, ஒன்றைச் சீவச் சொல்லி அப்படியே மாடிக்குக் கொண்டுபோவேன். சீவிய மேல்பாகத்தில் மூன்று கண் தெரியும். வெளித்தோல் கறுப்பு என்று நினைப்போம், கிட்டத்தில் பார்த்தால் கத்தரிக்காய் நிறம், காம்புப் பக்கம் பச்சையும் காவியும் கலந்திருக்கும், வெட்டிய நார் முதலில் பால் வெள்ளையாக இருந்து பத்து நிமிஷத்தில் தேன் நிறத்துக்கு மாறும். நடுவில் இருக்கும் நுங்குக்கு நிறமே கிடையாது. வெளிச்சம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்த் தேங்கி நிற்கும், அதனால் நிழல் விழ வேண்டிய பக்கத்தில்தான் அது பளிச்சென்று இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் மாம்பழத்துக்கு நிழல் போடுகிற மாதிரிப் போட்டால் நுங்கு பீங்கானாகிவிடும். பேப்பரை அப்படியே வெள்ளையாக விட்டு, ஓரத்தில் மட்டும் தண்ணீரில் கரைந்த ஒரு சொட்டு நீலமும் காவியும். அவ்வளவுதான். இருபது வருஷமாக ஒவ்வொரு சித்திரையிலும் வரைகிறேன், மூன்று முறைதான் சரியாக வந்திருக்கிறது. வரைந்து முடித்ததும் கட்டை விரலால் தோண்டி, சட்டையில் தண்ணீர் தெறிக்கத் தின்றுவிட்டுத்தான் கீழே இறங்குவேன்.

என் மகளுக்கு 9 வயது. கோடை விடுமுறைக்கு ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா, வீட்டிலேயே ஏதாவது சொல்லிக்கொடுக்கலாமா? – வாசகர், தூத்துக்குடி

வகுப்புக்குப் போக அவளுக்கு ஆசை என்றால் சேருங்கள். இல்லையென்றால் மேஜைக்கு ஒரு மூலை, அழித்தால் யாரும் திட்டாத ஒரு நோட்டு, ஒரு பென்சில், இது போதும். நான் ஒரே ஒரு விளையாட்டு சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு சொம்பை வைத்து, அதன் நிழலைச் சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லுங்கள். ஒன்பதுக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, ஐந்துக்கு. சாயங்காலம் பார்த்தால் வாசல் முழுக்க நிழல்கள். பிறகு அவளே ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்க ஆரம்பிப்பாள்.

இன்னொன்று உங்களுக்கும் சேர்த்து. வீட்டில் இருக்கும் வண்ணங்களை ஒரு பட்டை பேப்பரில் வரிசையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் கத்திரி முழுக்க ஒட்டிவையுங்கள். ஜூனில் பிரித்துப் பார்த்தால் எது வெளுக்கிறது, எது தாங்குகிறது என்று தெரிந்துவிடும். அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பும் விலை குறைந்த ரோஸ் நிறங்களும் வெளுக்கும், காவி அப்படியே இருக்கும். எந்தப் படத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

விடுமுறையில் சென்னை போகிறோம். ஓவியர்கள் வீட்டிலேயே எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி இடம் ஏதாவது? – வாசகி, கரூர்

சோழமண்டலம் போங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் 1966-ல் உருவாக்கிய ஊர் அது. பாட்டிக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, வீடும் ஓவியக்கூடமும் சேர்ந்தாற்போல் கட்டிக்கொண்டார்கள். படம் விற்றால்தான் அரிசி என்ற நிலை வரக்கூடாது என்பதற்காகக் கைவேலையைச் சம்பாத்தியமாக வைத்துக்கொண்ட அந்த யோசனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அங்கே ஓவியக் கூடங்களும் திறந்தவெளிச் சிற்பங்களும் மரநிழலும் உண்டு. வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் கேட்காமல் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். மாலையில் கடற்காற்று வரும் நேரமாகப் போங்கள்.

மல்லிகைப்பூ வரைய வெள்ளை வண்ணம் எது நல்லது? – வாசகி, நிலக்கோட்டை

எதுவும் வேண்டாம், பேப்பரின் வெள்ளையே போதும். பூவைச் சுற்றி இருக்கும் இலையையும் இருட்டையும் தீட்டுங்கள், காம்புப் பக்கம் மட்டும் லேசாகப் பச்சை. மொட்டாக இருக்கும்போதே, சாயங்காலம் நாலரைக்கே உட்கார்ந்துவிடுங்கள், ஏழு மணிக்கெல்லாம் விரிந்து உருவம் மாறிவிடும்.