சைபை நிறுவும்போது ஃபோர்ட்ரான் கம்பைலர் ஏன் கேட்கிறது?

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம், அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையை நிறுவினால் ஃபோர்ட்ரான் கம்பைலர் (ஃபோர்ட்ரான் மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இல்லை என்று நின்றுவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைபைக்குள் பைத்தான் மட்டும் இல்லை. சி, ஃபோர்ட்ரான் நிரல்களும் உண்டு. வழக்கமாக அவற்றை முன்பே கம்பைல் செய்து வைத்த வீல் கோப்புதான் இறங்கும். ஆனால் இப்படிக் கம்பைல் செய்த ஒரு வீல் குறிப்பிட்ட பைத்தான் பதிப்புக்கும் இயங்குதளத்துக்கும் மட்டுமே பொருந்தும். பொருத்தமான வீல் கிடைக்காவிட்டால் பிப் மூலநிரலை இறக்கி உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். அதற்குத்தான் கம்பைலரும் ஓப்பன்பிளாஸ் போன்ற நேரியல் இயற்கணித நூலகமும் தேவை. புத்தம் புதிய பைத்தான் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும்.

தயவுசெய்து கம்பைலரைத் தேடி அலையாதீர்கள். முதலில் பிப்பைப் புதுப்பியுங்கள். பழைய பிப் சில புதிய வகை வீல்களை அடையாளம் காணாது. சரிவராவிட்டால், ஒரு பதிப்பு முந்தைய பைத்தானில் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற நிறுவல்களோடு கலக்காத சூழல்) உருவாக்கி அதில் நிறுவுங்கள். அப்புறமும் முடியாவிட்டால், முன்பே கம்பைல் செய்த தொகுப்புகளைத் தரும் கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து நிறுவுங்கள்.