ஆட்டுக் கண்ணில் பூ: பென்சிலின் ஏன் கேட்கவில்லை?

கேள்வி: சந்தையில் இரண்டு வெள்ளாடு வாங்கிப் பட்டியில் விட்ட பிறகு, ஐந்து ஆடுகளுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. ஒன்றுக்குக் கருவிழியில் பூ விழுந்துவிட்டது. மெடிக்கலில் பென்சிலின் வாங்கி ஊசி போட்டோம். வீட்டிலிருந்த கண் சொட்டு மருந்தும் விட்டோம். கேட்கவில்லை. இதைவிட வீரியமான மருந்து எது?
– புதுக்கோட்டை மாவட்ட வாசகர்

பதில்: வீரியத்தைக் கூட்டிப் பயனில்லை. புது ஆடு வந்ததும் பட்டியே கண்நோயில் விழுந்தால், பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா அல்லது கிளமிடியா என்ற பாக்டீரியாதான் காரணம். பாக்டீரியாவைச் செல் சுவர் கட்டவிடாமல் செய்து கொல்வது பென்சிலின். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. எத்தனை ஊசி போட்டாலும் உறைக்காது. ஆம்பிசிலின், செஃப்ட்ரையாக்சோனும் செல் சுவரைத் தாக்கும் மருந்துகள்தான், அவற்றைப் போட்டாலும் இதே கதைதான், செலவுதான் கூடும். போதாததற்கு, ஆட்டின் உடம்பிலுள்ள மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் மடிநோய்க்கு அதே ஊசி தேவைப்படும்போது அது கைகொடுக்காமல் போகலாம்.

இதற்குக் கேட்பது டெட்ராசைக்ளின் வகை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசியை எடை பார்த்து மருத்துவர் போடட்டும். சினை ஆடு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்ணுக்கு டெட்ராசைக்ளின் களிம்பு. கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் பீளையைத் துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு பஞ்சு. கீழ் இமையை இழுத்து, உள்பக்கம் ஒரு நெல்மணி நீளத்துக்குக் களிம்பை வைத்து இமையை மூடிவிடுங்கள். ட்யூப் நுனி கண்ணில் படக்கூடாது. தினம் மூன்று வேளை. நீர் நின்றதும் நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை போடுங்கள்.

அந்தச் சொட்டு மருந்தை உடனே நிறுத்துங்கள். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருக்கும்போது விட்டால் புண் ஆழமாகி விழியே உடைந்துபோகலாம். புகையிலைச் சாறு, உப்பு வைத்தியமும் வேண்டாம்.

சரியான மருந்தை முழுதாகக் கொடுத்தும் கேட்கவில்லையா? அப்போதுதான் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். கண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒற்றைக் கண்ணில் மட்டும் வடிந்தால் இமைக்குள் புல் முள் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நோய் ஆடுகளைத் தனியே நிழலில் கட்டுங்கள். ஈ மொய்க்காமல் சாணத்தை அன்றன்றே அள்ளுங்கள். கிடா விற்கும் எண்ணமிருந்தால் லேபிளில் போட்டிருக்கும் கெடுவை, அதாவது கடைசியாக மருந்து கொடுத்த பிறகு பாலையும் கறியையும் பயன்படுத்தாமல் காத்திருக்க வேண்டிய நாள்களைப் பாருங்கள். லேபிளில் கெடு குறிப்பிடாத மருந்துக்கு இந்திய விதிப்படி பாலுக்குக் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள். பூ விழுந்த ஆட்டை நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டிப்போக வழியில்லை என்றால் 1962-க்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேளுங்கள்.