மெக்கானிக்கல் கேட்கும் மகள், கம்ப்யூட்டர் சொல்லும் சொந்தங்கள்

கேள்வி: மகள் ப்ளஸ் டூவில் கணக்கு 88, இயற்பியல் 84, வேதியியல் 90. அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல்தான் என்று நிற்கிறாள். "எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், ஏ.ஐ. என்று போகிறார்கள், தனியார் கல்லூரியானாலும் அதிலேயே சேர்த்துவிடு" என்கிறார்கள் உறவினர்கள். பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படிப் போடுவது? (வாசகி, நாமக்கல்)

பதில்: கணக்கு முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 88 + 42 + 45. கட்-ஆஃப் 175.

சொந்தங்கள் சொல்வது பொய்யில்லை, கூட்டம் அங்கேதான் போகிறது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு கேட்டிருந்தால் இவர்களே மெக்கானிக்கல் என்றிருப்பார்கள். கூட்டம் இன்றைய வேலைச் சந்தையைப் பார்த்துச் சேர்கிறது. உங்கள் மகள் வெளியே வர நான்கு வருடம் ஆகும்.

2024-25 முதல், தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இடங்களின் உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கழகம்) எடுத்துவிட்டது. இடத்தைக் கூட்டுவது சுலபம், ஆசிரியர் கிடைப்பதுதான் கஷ்டம். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. ஒரு பிரிவில் வருடத்துக்கு 180 பேர் என்றால் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 720 பேர். 36 ஆசிரியர் வேண்டும். அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணுங்கள். நேரில் போனால், போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள்.

வாசலில் "என்.பி.ஏ. அங்கீகாரம்" (தேசிய அங்கீகார வாரியம் தருவது) என்று பலகை இருந்தால், எந்தப் பிரிவுக்கு என்று கேட்டே ஆகவேண்டும். நாக் (தேசிய மதிப்பீட்டு, அங்கீகார அவை) தரும் தரச்சான்று கல்லூரி முழுவதற்கும், என்.பி.ஏ. பிரிவுவாரியாக. இரண்டு பேட்ச் படித்து முடித்த பிரிவுதான் அதற்கு விண்ணப்பிக்கவே முடியும். புதிய ஏ.ஐ. துறையைக் காட்டிச் சேர்க்கும் கல்லூரியில், பலகையில் உள்ள அங்கீகாரம் மெக்கானிக்கலுக்கு உரியதாகவும் இருக்கலாம்!

இன்னொன்று, யு.பி.எஸ்.சி. பொறியியல் பணித் தேர்வில் இருப்பவை சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் ஆகிய நான்கு பொறியியல் பிரிவுகள்தான். கம்ப்யூட்டருக்குத் தாளே கிடையாது. மாறாக, மெக்கானிக்கல் முடித்தவர் எம்.டெக். போன்ற மேற்படிப்புக்கான கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள் எழுதலாம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்குமென்றால் நான் மகள் பக்கம்.

பட்டியலுக்கு வருவோம். போன வருட கட்-ஆஃபைப் பார்த்துப் பயந்து, பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளுவதுதான் பலரும் செய்யும் தவறு. கலந்தாய்வு மென்பொருள் மேலிருந்து கீழே பார்த்து, கிடைக்கக்கூடிய முதல் விருப்பத்தைத் தரும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் நஷ்டம் ஏதுமில்லை. கீழே இருக்க வேண்டியது மேலே இருந்தால் அதுவே கையில் வந்துவிடும். மெக்கானிக்கலில் தமிழ்வழி, சுயநிதி என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு, கட்டணமும் மாறும். எனவே பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டையும் சரிபாருங்கள்.

ஒதுக்கீடு வந்தபின் "ஏற்றுச் சேர்கிறேன்" என்றால் நேரே கல்லூரிக்குப் போக வேண்டும். "ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுவேன்" என்றால் சேர்க்கை உதவி மையத்தில் கெடுவுக்குள் கட்டணம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் ஒதுக்கிய இடமும் மேலே மாறும் வாய்ப்பும் இரண்டுமே போய்விடும்.