சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, ஹீலர்களையும் இலுமினாட்டி காணொளிகளையும் நம்பும் அப்பாவை எப்படி மீட்பது?

உங்கள் அப்பா இடத்தில் எங்கள் வீட்டில் என் அண்ணன். இன்னும் முழுதாக மீட்டுவிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் இறந்தார். பாக்கியைக் கட்டினால்தான் உடல் என்றார்கள். அண்ணியின் வளையல் அடகுக்குப் போனது. எதற்கு இந்த மருந்து, எதற்கு இந்தப் பரிசோதனை என்ற கேள்விக்கு ஒருவரும் நின்று பதில் சொல்லவில்லை. அதன் பிறகு அண்ணன் வெள்ளைச் சர்க்கரையை விட்டார், செக்கு எண்ணெய்க்கு மாறினார், மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டார். தொப்பை குறைந்தது, நாங்களும் மெச்சிக்கொண்டோம். பிறகு ஒரு ஹீலரிடம் போனார். அந்த மனிதர் நாடி பார்த்துவிட்டு, முக்கால் மணி நேரம் அம்மாவைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்டாராம். மருத்துவமனையில் யாரும் அவருக்குத் தராத நேரம் அது. அவர் அங்கே போனதில் எனக்கு இன்றும் வியப்பில்லை.

நோய் என்று ஒன்று கிடையாது, கழிவுத் தேக்கம்தான் எல்லாம், காய்ச்சல் என்பது உடல் தன்னைச் சுத்தம் செய்வது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். இதை ஒருவர் முழுமையாக நம்பிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் உலகம் முழுவதும் ஏன் மருந்து கொடுக்கிறார்கள்? எல்லா மருத்துவர்களும் முட்டாள்களாக இருக்க முடியாது. ஆகவே அவர்கள் யாருக்கோ வேலை செய்கிறார்கள். மக்கள்தொகையைக் குறைக்கும் திட்டம், உலகை ரகசியமாக ஆளும் இலுமினாட்டி கும்பல் எல்லாம் இந்த ஓட்டையை அடைக்க வருபவைதான். சதி இல்லாமல் அந்த வைத்தியத்தால் நிற்க முடியாது.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. சார்லட் வார்டு, டேவிட் வோவாஸ் என்ற இருவர் 2011-லேயே இந்தக் கலவையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ரகசியக் கும்பல் ஒன்று உலகை ஆள்கிறது என்பது ஒரு நம்பிக்கை, மனிதகுலம் புதிய விழிப்புநிலைக்குள் நுழைகிறது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மனதில் குடியேறுவதை அவர்கள் காட்டினார்கள். 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் கொம்புத் தொப்பியோடு நுழைந்த ஜேக்கப் சான்ஸ்லி தன்னை ஷாமன், அதாவது ஆவிகளோடு பேசும் பூசாரி, என்று சொல்லிக்கொண்டவர். சிறையில் இயற்கை உணவு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். சதிக் கோட்பாடுகளைப் பற்றி எழுதிய மைக்கேல் பார்க்குன், எதுவும் தற்செயல் இல்லை, எதுவும் தோன்றுவதுபோல் இல்லை, எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று அவற்றின் அடிப்படையைத் தொகுத்தார். இந்த மூன்றையும் எந்தத் தியான வகுப்பிலும் கேட்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி வரலாறு உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். நாட்டு மாடு, பால், வெளிநாட்டு நிறுவனம் என்று மெரினாவில் பேசியதில் நியாயம் நிறையவே இருந்தது. அடுத்த மாதமே தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தது. அதே சொற்கள் ஊசிக்கு எதிராகத் திரும்பின. வாட்ஸ்அப் வதந்தியால் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2018-இல் திருப்பூரில் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் ஆசிரியை இறந்தார். அண்ணன் அப்போதும் அசையவில்லை. 2021 ஏப்ரலில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் நடிகர் விவேக் மறைந்ததும் எங்கள் குடும்பக் குழுவில் அண்ணன் பெரும் வெற்றி பெற்றவர்போல எழுதினார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்ற நிபுணர் குழு அறிக்கை அக்டோபரில் வந்தது. அனுப்பினேன். “அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதோடு ஆதாரம் அனுப்புவதை விட்டேன். எங்கள் வீட்டில் நிலைமையைக் காப்பாற்றியவர் அண்ணிதான். குழந்தைக்கு நான்காம் நாளும் காய்ச்சல் விடவில்லை. “கழிவு வெளியேறுகிறது, பொறு” என்றார் அண்ணன். அண்ணி பதில் பேசாமல் ஆட்டோவைக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட்டார். டெங்கு. சாயங்காலம் அண்ணனும் வந்து சேர்ந்தார். அங்கே சித்த மருத்துவப் பிரிவில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பிழைத்தது நிலவேம்பால்தான் என்று இன்றும் சொல்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். சலைன் ஏறியதை அவரும் பார்த்தார், தடுக்கவில்லை.

உங்கள் அப்பா விஷயத்துக்கு எனக்கு அங்கிருந்துதான் யோசனை வருகிறது. அலோபதி மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வர மாட்டார். அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் படித்துப் பட்டம் வாங்கிய மருத்துவர் இருப்பார். முன்கூட்டியே போய் அவரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டு, பிறகு அப்பாவைக் கூட்டிப் போங்கள். கஷாயத்தோடு மாத்திரையும் தொடரட்டும் என்று அவர் சொன்னால் கேட்க வாய்ப்பிருக்கிறது. இலுமினாட்டி பற்றி இப்போதைக்கு வாயே திறக்க வேண்டாம். வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருக்கட்டும். அளவை அப்பாவே குத்திப் பார்த்து அவர் கையாலேயே குறிக்கட்டும். ஆனால் அவர் நிறுத்தியது மாத்திரை அல்ல, இன்சுலின் ஊசி என்றால் இந்த நிதானமெல்லாம் கூடாது, இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.