ஒரு மத்திமம்

ஐயா, உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருடமாகச் சங்கீதம் படிக்கிறேன். பூபாள இராகத்தில் சொந்தமாக ஒரு பாட்டு அமைத்து, ஓரிடத்தில் மத்திமம் (ம என்ற சுரம்) வைத்தேன். ரீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். எல்லாம் விதிப்படி என்றால் புதிதாக எதைத்தான் செய்வது? யூடியூப்பில் போடலாமா என்றும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

யூடியூப்பைப் பிறகு பார்க்கலாம். ரீச்சர் வெட்டியது சரி. பூபாளத்துக்கு ச ரி க ப த என்று ஐந்தே சுரம், மத்திமம் இல்லை. அதில் வரும் ரி, க, த மூன்றும் தோடி இராகத்திலும் உண்டு. நடுவில் மத்திமம் விழுந்தால் காது தோடிப் பக்கம் திரும்பிவிடும். அதில் என்ன புதுமை? மூன்றே வருடத்தில் ஐந்து சுரமும் அலுத்துவிட்டதா உமக்கு? கோபமாகத்தான் கேட்கிறேன்.

ஆனால் கடிதத்தைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் விடிய முன்னம் என்னைத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போவார். மலையேறும்போது சம்பந்தரின் கோணமலைப் பதிகம் பாடுவார். அதன் பண், அதாவது பழைய தமிழ் இராகம், புறநீர்மை; அப்பா பாடுவது பூபாளத்தில். முதல் பாட்டின் நான்கு அடிகளும் தொடங்குவதைப் பாரும்: நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல். 'நிரை' என்று எடுத்துவிட்டார், இனி எதுகைக்கு ஒவ்வோர் அடியிலும் 'ரை' வந்தே ஆகவேண்டும். பெருங்கடல், கருங்கடல், நீலக்கடல், ஒன்றும் அங்கே செல்லாது. அந்த நெருக்கடியில் வந்த சொல் 'குரை'. குரைத்தல் என்றால் முழங்குதல். கோயில் நிற்கும் சுவாமி மலைக்குக் கீழே அலை பாறையில் மோதும் சத்தத்தை நீரும் கேட்டிருப்பீர். சம்பந்தர் கேட்டதில்லை, இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்கிறது பெரியபுராணம். அவர் பார்க்காத எங்கள் கடலுக்கு அடியெடுத்துக் கொடுத்தது எதுகைதான் என்று நான் நம்புகிறேன். குரை என்ற இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்துவார். கீழே கடல் கேட்கும்.

பத்தொன்பது வயதில் நானும் கோணேசர்மேல் ஒரு பாட்டு எழுதினேன். எதுகை கிடையாது, இராகமும் என் இஷ்டம். 'கடல்' மட்டும் ஆறு தடவை வந்தது. அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "இது எந்தக் கடல் தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கொப்பியைப் பிறகு நான் திறக்கவில்லை.

நீர் அப்படி மூடிவைக்க வேண்டாம். மத்திமத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் காந்தாரத்தில் (க) கொஞ்சம் நின்று, அப்புறம் பஞ்சமத்துக்குப் (ப) போய்ப் பாரும். நீர் தேடியது அந்தத் தாவலில் இருக்கக்கூடும். பாடிப் பதிவுசெய்து முதலில் ரீச்சருக்குப் போட்டுக் காட்டும். பிறகு எனக்கும் அனுப்பும்.