வட்டங்களைப் போர்வையாக்க: இணைப்பதை முதலில் யோசியுங்கள்

கேள்வி: மிச்சம் மீதி நூல்கண்டுகளை வைத்து, குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) மூன்று சுற்று வட்டங்களாகப் போட்டு வருகிறேன். ஒவ்வொரு சுற்றும் ஒரு நிறம். ஒரு வட்டம் 8 செ.மீ. வருகிறது. அறுபது சேர்ந்துவிட்டது. பன்னிரண்டை எடுத்துத் தைத்துப் பார்த்தேன். நான்கு வட்டம் சேரும் இடத்தில் பெரிய ஓட்டை விழுகிறது. அதை இழுத்து மூடினால் துணி குமிழ் மாதிரி எழும்புகிறது. சில வட்டங்களின் ஓரம் அலையடிக்கிறது. எப்படி இணைத்தால் சரியாக வரும்? ஒரு ஆள் போர்த்திக்கொள்ள இன்னும் எத்தனை வட்டம் வேண்டும்?

பதில்: இந்தப் போர்வையில் எல்லோரும் வட்டத்தில்தான் தொடங்குகிறோம். நிறம் மாற்றி மாற்றிப் போடும் சுகம் அப்படி. இணைப்பு என்கிற கேள்வி ஐம்பது அறுபது வட்டத்துக்குப் பிறகுதான் வருகிறது. ஆனால் கடைசிச் சுற்றில் எத்தனை கண்ணி (ஊசியால் போடும் ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்ணி) இருக்கவேண்டும், எந்த நிறத்தில் போடவேண்டும், அதை இப்போதே முடிக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் தீர்மானிப்பது இணைப்புதான். உங்கள் அறுபதும் வீண் போகவில்லை, கவலை வேண்டாம். அவற்றைப் பிரிக்காமலே ஒரு வழி இருக்கிறது.

முதலில் அலையடிக்கும் ஓரம். மூன்று சுற்றும் டபுள் குரோஷே என்கிற உயரமான கண்ணி என்றால் கணக்கு 12, 24, 36. ஒவ்வொரு சுற்றிலும் 12 கூடவேண்டும். ஏன் 12 என்றால், டபுள் குரோஷேயின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சுற்று போட்டால் வட்டத்தின் ஆரம் இரண்டு கண்ணி அகலம் நீள்கிறது. அப்போது சுற்றளவு 2 × 3.14 × 2, அதாவது பன்னிரண்டரைக் கண்ணி அகலம் நீளவேண்டும். அதே கணக்கில், உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சிங்கிள் குரோஷேக்கு ஆறு போதும். கண்ணி கூடினால் ஓரம் அலையடிக்கும், குறைந்தால் வட்டம் கிண்ணமாகக் குழியும். எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிகிறதென்றால் உங்கள் கை இறுக்கம். ஊசியை அரை மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. நான் சொல்வதெல்லாம் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் என்று எழுதியிருப்பது நம் சிங்கிள். அவர்களுடைய ட்ரெபிள்தான் நம் டபுள். இரண்டு இடத்திலிருந்து குறிப்பு எடுத்துக் கலந்துவிட்டால், குட்டைக் கண்ணியைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே போய், வட்டம் பாவாடை மடிப்பாக நிற்கும்.

அலையடிக்கும் வட்டங்களைத் தனியே எடுத்து மூன்றாம் சுற்றை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் 37 அல்லது 38 இருக்கும். சுற்றை மூடும்போது போடும், உயரமே இல்லாத ஸ்லிப் ஸ்டிட்ச் இணைப்பையும் ஒரு கண்ணியாக நினைத்து அதற்குள்ளும் பின்னிவிடுவதால் வரும் பிழை இது. கடைசிச் சுற்றை மட்டும் பிரித்துத் திரும்பப் போட்டால் போதும். 35 இருந்தால் பிரிக்கவே வேண்டாம். அடுத்து வரும் சுற்றில் ஓரிடத்தில் இரண்டாகப் போட்டு ஈடுகட்டிவிடலாம்.

இனி ஓட்டைக்கு வருவோம். அது உங்கள் தையலின் குற்றம் இல்லை. வட்டங்களை நேர் வரிசையாக, ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் அவை பரப்பில் 78.5 சதவீதத்தைத்தான் மூடும். மீதி முழுவதும் நாலு மூலை வெற்றிடம். அதை இழுத்துத் தைக்கும்போது, இருக்கவேண்டிய இடத்தைத் துணியிலிருந்து பிடுங்கிவிடுகிறீர்கள். பிடுங்கிய அளவுக்குத் துணி மேலே எழும்பத்தான் செய்யும். தட்டையான துண்டுகளைச் சேர்த்துப் பந்து தைப்பது இதே வித்தையால்தான். போர்வைக்கு அது ஆகாது. வெற்றிடத்தை ஒன்று நிரப்பவேண்டும், அல்லது குறைக்கவேண்டும், அல்லது வட்டத்தையே சதுரமாக்கி இல்லாமல் செய்துவிடவேண்டும்.

அறுபது வட்டத்தை முடித்து வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது கடைசி வழி. எதையும் பிரிக்காமல், 36 கண்ணி வட்டத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று போட்டால் சதுரம் கிடைத்துவிடும். 36ஐ நான்காகப் பிரித்தால் பக்கத்துக்கு 9. முதல் கண்ணி மூலை: அதற்குள்ளேயே இரண்டு ட்ரெபிள் (அமெரிக்க வழக்கில், டபுளைவிட உயரமான கண்ணி), இரண்டு செயின் (சங்கிலிக் கண்ணி), மறுபடி இரண்டு ட்ரெபிள். அடுத்த கண்ணியில் ஒரு டபுள், அதற்கடுத்ததில் ஒரு ஹாஃப் டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரம்), பிறகு நான்கு கண்ணியில் நான்கு சிங்கிள், பின் ஹாஃப் டபுள், டபுள். ஒன்பது தீர்ந்தது, அடுத்தது மறுபடி மூலை. மூலையில் உயரமான கண்ணி, பக்கத்தின் நடுவில் குட்டையான கண்ணி, இவ்வளவுதான் சூத்திரம். முடித்ததும் எண்ணினால் ஒவ்வொரு பக்கத்திலும் 12 கண்ணி, மூலையில் இரண்டு செயின். ஊசியிலிருந்து எடுத்தவுடன் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி கோணலாக இருக்கும். மனம் தளரவேண்டாம், நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி ஆவி காட்டினால் சதுரமாகப் படிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஒற்றைச் சுற்று வித்தை இரண்டு, மூன்று சுற்று வட்டத்துக்குத்தான் பலிக்கும். சதுரத்தின் மூலை, மையத்திலிருந்து வட்டத்தின் ஆரத்தைப் போல 1.41 மடங்கு தள்ளி இருக்கிறது. வட்டம் பெரிதாக ஆக, மூலைக்கு எட்டவேண்டிய தூரமும் பெரிதாகிறது, ட்ரெபிள் எட்டாது. நான்கு சுற்றோ அதற்கு மேலோ போனால் சதுரமாக்க இரண்டு சுற்று ஒதுக்குங்கள்.

இந்தச் சதுரச் சுற்றை எல்லா வட்டத்துக்கும் ஒரே நிறத்தில் போடச் சொல்வேன். கதம்பமான நிறங்களை ஒரு குடும்பமாகக் காட்டுவது அந்த ஒரு நிறம்தான். வெள்ளை என்றால் நிறங்கள் பளிச்சென்று விலகி நிற்கும். கரும் சாம்பலோ கருநீலமோ என்றால் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். என் விருப்பம் இரண்டாவது. அழுக்கு தெரியாது என்பது காரணத்தில் பாதி.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 8 செ.மீ. வட்டம் சதுரமானபின் ஏறக்குறைய 9 செ.மீ. வரும். 13 வரிசை அகலம், 17 வரிசை நீளம் வைத்தால் 117 × 153 செ.மீ. ஒரு ஆள் உட்கார்ந்தபடி மூடிக்கொள்ளத் தாராளம். மொத்தம் 221. இன்னும் 161 போடவேண்டும். மூச்சு வாங்கினால் 11 × 15 வைத்து 165 சதுரத்தில் முடித்து, ஓரத்தை அகலமாகப் போட்டுச் சமாளிக்கலாம்.

நூல் போதுமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தராசில் வையுங்கள். ஒன்றை மட்டும் நிறுத்தால் தவறும். பத்துச் சதுரத்தைச் சேர்த்து வையுங்கள். பத்தும் 60 கிராம் என்றால், 221க்கு 1326 கிராம். இணைக்கவும் ஓரத்துக்கும் இன்னொரு பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று, சுற்றுக்குச் சுற்று நூல் செலவு ஒரே மாதிரி இல்லை என்பது. வட்டத்தில் உள்ள 72 கண்ணியில் முதல் சுற்று 12, இரண்டாவது 24, மூன்றாவது 36. அதாவது வட்டத்துக்கு ஆகும் நூலில் பாதியை மூன்றாம் சுற்றே தின்றுவிடும். அதனால் துண்டு துக்காணி நூலெல்லாம் நடுவுக்கு, பெரிய கண்டுகள் வெளிச்சுற்றுக்கு. சதுரச் சுற்று இன்னும் பெரிய தீனிக்காரன்: மொத்த நூலில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்குப் போகும், மேலே சொன்ன 1326 கிராமில் அரைக் கிலோவுக்கு மேல். அந்த நிறத்தை ஒரே தடவையில், உறையில் போட்டிருக்கும் சாயத் தொகுதி எண் ஒன்றாக இருக்கும்படி பார்த்து வாங்கிவிடுங்கள். நான் ஒரு முறை பாதியில் தீர்ந்துபோய் அதே நிறம்தானே என்று வேறு தொகுதி வாங்கிப் போட்டேன். இரவு விளக்கில் ஒன்றுபோல் இருந்தது. பகலில் பார்த்தால் போர்வையின் குறுக்கே கோடு கிழித்தாற்போல இரண்டு நீலம்.

நூல் வால்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு சதுரத்துக்கு நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு வால், ஆக எட்டு. 221 சதுரத்துக்கு 1768 வால். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தால் போர்வை பெட்டிக்குள்தான் போகும். நிறம் மாற்றும்போதே புது நூலின் வாலையும் பழைய நூலின் வாலையும் முந்தைய சுற்றின் மேல் படுக்கவைத்து, அவற்றின் மேலேயே ஏழெட்டுக் கண்ணி போட்டு மூடிவிடுங்கள். மேஜிக் ரிங்கின் (வட்டத்தைத் தொடங்கும்போது இழுத்து இறுக்கும் நூல் வளையத்தின்) வாலை மட்டும் இப்படி விடக்கூடாது. அது நழுவினால் நடுவே வாய் திறந்துகொள்ளும். முதல் சுற்றின் அடிப்பகுதி வழியாக மழுங்கிய ஊசியால் ஒரு முழுச்சுற்று கோத்து, எதிர்த்திசையில் பாதிச்சுற்று திரும்பி வந்து வெட்டுங்கள். பருத்தி நூல் வழுக்கும். அதற்கு இன்னும் ஒரு திருப்பம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

தைப்பதற்கு முன் எல்லாச் சதுரத்தையும் 9 செ.மீ.க்குக் குண்டூசி குத்திப் படியவைப்பது அவசியம். மாதக்கணக்கில் போடும் வேலையில் கை ஒரு நாள் இறுகும், ஒரு நாள் தளரும். முதல் சதுரமும் நூறாவதும் அரை செ.மீ. வித்தியாசப்படுவது சகஜம். கம்பளி என்றால் நனைத்துப் பிழிந்து குத்தலாம். அக்ரிலிக் என்றால் ஆவியை மேலிருந்து காட்டுவதோடு சரி, இஸ்திரிப் பெட்டி நூலைத் தொடவே கூடாது. தொட்டால் நூல் உருகித் துவண்டுவிடும், அதன்பின் எதைச் செய்தும் பழைய துள்ளல் வராது. கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே போர்வையில் கலந்திருந்தால், அக்ரிலிக் சதுரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். வெந்நீரில் ஒரு துவைப்பு போதும், கம்பளி சுருங்கி மற்றதை இழுத்துக்கொள்ளும்.

தையலுக்கு, இரண்டு சதுரத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணிகளின் பின் இழையை மட்டும் எடுத்து, சதுர நிறத்து நூலாலேயே கண்ணிக்குக் கண்ணி தையுங்கள். பக்கத்துக்கு 12 கண்ணி இருப்பதால் தப்பவே வழியில்லை. கிடைவரிசைகள் அத்தனையும் முடித்துவிட்டு, பிறகு நெடுவரிசைகள். நான்கு மூலை கூடும் இடத்தில் நூலை வெட்டாமல் குறுக்கே தாண்டிப் போங்கள், இறுக்கமாக இழுத்துவிடாதீர்கள்.

வட்டம் வட்டமாகவே தெரியவேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், இனி போடும் வட்டங்களை இரண்டு சுற்றோடு நிறுத்தி வைத்துக்கொண்டு, மூன்றாம் சுற்றிலேயே இணைக்கலாம். முடித்த அறுபதில் மூன்றாம் சுற்றைப் பிரிக்கவேண்டியிருக்கும். செங்கல் அடுக்குவதுபோல் வரிசை விட்டு வரிசை பாதி நகர்த்தி அடுக்கினால், ஒரு வட்டத்தை ஆறு வட்டம் தொடும். மூடும் பரப்பு 90.7 சதவீதமாக ஏறும். 36ஐ ஆறால் வகுத்தால் 6: மூன்று கண்ணி இணைப்பு, மூன்று கண்ணி சும்மா. இணைக்கவேண்டிய கண்ணி வந்ததும் ஊசியைக் கண்ணியிலிருந்து உருவி, பக்கத்து வட்டத்தின் கண்ணித் தலைக்குள் முன்னிருந்து பின்னாக விட்டு, விட்டுவந்த கண்ணியை அதன் வழியே இழுத்துவிட்டு, வழக்கம்போல் அடுத்த டபுளைப் போடுங்கள். தடிப்பே தெரியாது. மிஞ்சும் மும்மூலைத் துளைகள் விரல்நுனி அளவுதான், நிரப்பவேண்டியதில்லை. ஆனால் ஏறக்குறைய 120 × 147 செ.மீ.க்கு 15, 14 என்று மாறி மாறி 21 வரிசையில் 305 வட்டம் வேண்டும்.

நேர் வரிசையில் வட்டமாகவே விட ஆசையென்றால், நாலு மூலை வெற்றிடத்துக்கு ஒரு குட்டி வட்டம் அளவெடுத்தாற்போல் பொருந்தும். அதன் விட்டம் பெரிய வட்டத்தில் 0.41 பங்கு, 8 செ.மீ.க்கு 3.3 செ.மீ. பன்னிரண்டு டபுள் கொண்ட முதல் சுற்று ஒன்றே ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். மூன்று கண்ணிக்கு ஒரு முறை, நான்கு பக்க வட்டங்களின் நடுவளைவில் ஒட்டவைத்தால் முடிந்தது. கைக்குழந்தைக்கான போர்வை என்றால் இந்தத் துளைகளை ஒன்றுவிடாமல் மூடுங்கள், அல்லது சதுரத்துக்கே வாருங்கள். பிஞ்சு விரல் துளைக்குள் சிக்கி முறுக்கிக்கொள்ளும்.

தைக்கத் தொடங்கும் முன் அடர்ந்த சிவப்பு, கருநீலம் எல்லாவற்றையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் ஒட்டினால் அந்த நிறச் சதுரங்களை ஒதுக்கிவிடுங்கள். பிறகு தரையில் எல்லாவற்றையும் பரப்பி, கைபேசியில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். நிறத்தில் மயங்கும் கண்ணுக்குத் தெரியாத திட்டுகள் அதில் தெரியும்: இருட்டெல்லாம் ஒரு மூலையில் கூடியிருக்கும். அங்கே நாலைந்தை மாற்றி வைத்து மறுபடி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வரிசை வரிசையாக நூலில் கோத்து, வரிசை எண் எழுதிய சீட்டைக் கட்டி வையுங்கள். தரையை யாராவது பெருக்க வருவதற்குள்.