சாணைக் கோடுகளுக்காக வழக்குப் போடலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): காரைக்குடியில் வசிக்கிறோம். மகள் திருமணத்தில் பரப்பும் சாமான்களோடு வைப்பதற்காக, பக்கத்து ஊர்க் கொல்லர் ஒருவரிடம் கையால் அடித்துச் சாணை பிடித்த 12 சமையல் கத்திகளை 24,000 ரூபாய்க்குச் செய்யச் சொல்லி, 15,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். வந்த கத்திகளில் சாணைக் கோடுகள் அப்படியே தெரிந்தன. இரண்டில் கைப்பிடிக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. சம்பந்தி வீட்டார் முன்னால் தலைகுனிவாகிவிட்டது. திருமணத்துக்கு நாள் நெருங்கியதால் உள்ளூர்ப் பட்டறையில் மெருகேற்றி வைத்தோம். இப்போது அவை சமையலறையில் இருக்கின்றன. பாக்கி 9,000 ரூபாயைக் கொடுக்கவில்லை. முழுப் பணத்தையும், மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்டு வழக்குத் தொடரலாமா?

பதில்: ஆச்சி, சம்பந்தி வீட்டார் என்ன பேசினார்கள், கொல்லர் தொலைபேசியில் எப்படிப் பதில் சொன்னார் என்பவற்றை ஒதுக்கி வைத்துவிடுங்கள். சட்டம் கேட்பது ஒன்றைத்தான்: கத்தியின் மேற்பரப்பு எப்படி இருக்கும் என்று அவர் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாரா? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(10)இல், ‘குறைபாடு’ என்பதை ஒரு சட்டமோ, ஒப்பந்தமோ, விற்பவரே சொன்ன சொல்லோ கோருகின்ற தரத்தோடு சேர்த்துத்தான் வரையறுக்கிறது. நீங்கள் அனுப்பியுள்ள வாட்ஸ்அப் உரையாடலில் ‘நல்ல இரும்பு, கைவேலை’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. மெருகு என்ற சொல்லே வரவில்லை. வேலை தொடங்கும் முன் அவர் அனுப்பிய மாதிரிக் கத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகிலிருந்து வாய் வரை அதே குறுக்குக் கோடுகள். திருப்பாச்சேத்தி அரிவாளானாலும் கைச்சாணையில் தீட்டினால் கோடு விழத்தான் செய்யும், அதைப் பார்த்துத்தான் நீங்கள் சம்மதம் சொன்னீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் என்னிடம் மறுமொழி இல்லை.

பிடியில் இடைவெளி உள்ள இரண்டு கத்திகள் வேறு. இடுக்கில் தண்ணீர் இறங்கினால் உள்ளே துருப்பிடிக்கும், பிடி ஆட்டம் கொடுக்கும். அது அழகைப் பற்றிய குறையன்று, பயன்பாட்டைப் பற்றியது. அதற்கு மட்டும் உங்களுக்கு நியாயம் உண்டு.

ஆனால் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த மெருகு வேலைதான். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 42இன்படி, பொருள் கைக்கு வந்த பிறகு விற்றவரின் உரிமைக்கு முரணான ஒரு காரியத்தை வாங்கியவர் செய்தால், அவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். வேண்டாம் என்று எழுதித் தெரிவிக்காமல் கத்திகளைப் பட்டறைக்குக் கொண்டுபோன அன்றே, திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, விலையில் ஒரு பகுதியைக் குறைக்கச் சொல்லவோ இழப்பீடு கேட்கவோ உள்ள உரிமை மட்டும்.

அதைவிட மோசமானது, சாட்சியத்தையே நீங்கள் தேய்த்து அழித்திருக்கிறீர்கள். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொல்லர் குறையை மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38இன்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கே போவது கொல்லர் கொடுத்த கத்தியன்று, பட்டறைக்காரர் தொட்ட கத்தி. உங்கள் இரண்டாவது படத்தில் ஒரு கத்தியின் வாயோரம் நீலம் பாய்ந்திருப்பதைக் கவனித்தீர்களா? தண்ணீர் தொடாமல் மோட்டார் சாணையில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் எஃகு அப்படி நிறம் மாறும். துவைச்சல், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், இறங்கிக் கூர்மை நிற்காது. நாளை ‘கத்தி வெட்டவில்லை’ என்று நீங்கள் சொன்னால், அந்த நீலத்தைக் காட்டியே கொல்லர் தப்பிவிடுவார்.

இப்படிச் சிக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆத்தங்குடி டைல்ஸில் நிறம் ஒன்றுபோல இல்லை என்று என்னிடம் வந்த ஒருவர், குறை கண்ட பிறகும் முகப்பு முழுவதும் பதித்து முடித்துவிட்டுத்தான் வந்தார். பதித்த கல்லை வைத்துக்கொண்டு அவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். பாக்கி 9,000 ரூபாய்க்கு, பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை கொல்லர் உங்கள் மீது வழக்குத் தொடரலாம். ஏமாற்றுக்காரர் என்று எழுதி அவர் படத்தை முகநூலில் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். போட்டால் அவதூறு வழக்கில் நீங்களே எதிரியாவீர்கள்.

ஆகவே வழக்கு வேண்டாம், பேசி முடியுங்கள். பிடி சரியில்லாத இரண்டுக்காக 2,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு 7,000 ரூபாயைத் தருவதாகச் சொல்லுங்கள்; அல்லது அந்த இரண்டுக்கும் அவரே புதுப் பிடி போட்டுக் கொடுத்தால் முழுப் பாக்கியையும் தந்துவிடுங்கள். எப்படி முடிந்தாலும் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ‘12 கத்திகளுக்கான கணக்கு முழுவதும் தீர்ந்தது, இருவருக்கும் இனிக் கோரிக்கை இல்லை’ என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை அந்த இரண்டு கத்திகளையும் யாரும் தொடாமல் எடுத்து வைத்திருங்கள்.